ஒழுங்கை முடிவில் 36 வீடு: மனுவுக்கு முன் ஒரு வரைபடம் கீறுங்கள்

பிள்ளை, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கம் உங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் 40 பரப்பு, அதாவது இரண்டரை ஏக்கர், தோட்டக் காணி. வெளிநாட்டில் இருக்கும் உரித்துக்காரர்கள் அதை ஒரு கம்பனிக்கு விற்றுவிட்டார்கள். கம்பனி அதைத் துண்டாடி 36 வீடு கட்டி விற்கப்போவதாகப் பலகை நட்டிருக்கிறது. உங்கள் ஒழுங்கை 12 அடிதான். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். கிணறு பழுதாகும், வெள்ளம் நிற்கும், ஒழுங்கை தாங்காது, பனைகளைத் தறிப்பார்கள், காணி விலை விழும், யார் யாரோ வந்து குடியிருப்பார்கள் என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். இதை நிறுத்தலாமா, நிறுத்த முடியாவிட்டால் வேறு என்ன கேட்கலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் உள்ளூராட்சி மன்றங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மனுவைப் போன்ற மனுக்கள் வந்து சேரும் மேசைக்குப் பின்னால் இருந்தவன். அதனால் மனம் நோகாமல் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். 200 கையெழுத்துள்ள மனு வந்தால் அதைக் கோப்பில் குத்துவோம். 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதுவோம். அவ்வளவுதான். அது அலட்சியம் இல்லை. அந்த மனுவை வைத்து நாங்கள் செய்யக்கூடியது எதுவும் அதில் இராது. 'மக்கள் எதிர்க்கிறார்கள்' என்பது அனுமதியை மறுக்கப் போதிய காரணம் இல்லை. 'இந்தத் துண்டின் மலக்குழிக்கும் அடுத்த வளவில் உள்ள குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் 22 அடிதான் இருக்கிறது' என்பது காரணம்.

கட்டட அனுமதிக்கு வரும் வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. எல்லைக்கோட்டுக்கு உள்ளே எல்லாம் இருக்கும்: வீடு, கிணறு, குழி, படலை, வாகனம் விடும் இடம். கோட்டுக்கு வெளியே 'அ வின் காணி', 'ஆ வின் காணி' என்று ஒரு சொல் எழுதியிருக்கும். மற்றபடி வெள்ளைத்தாள். உங்கள் கிணறு அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. வரைஞருக்கு அதைக் கீறவேண்டிய தேவை இல்லை, பார்க்கிறவருக்கு அது தெரியாது. நேரில் போய்ப் பார்க்கும் உத்தியோகத்தருக்கும் ஒரு காலையில் ஏழெட்டுக் காணி பார்க்கவேண்டியிருக்கும். மதிலுக்கு மேலால் எட்டிப்பார்க்க நேரம் வராது.

எனக்கு இப்போதும் உறுத்துகிற ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு மன்றத்தில் இருந்தபோது 12 துண்டாகப் பிரித்த ஒரு காணி வந்தது. துண்டாடலுக்கு அனுமதி கொடுத்தோம். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக வீட்டு வரைபடம் வந்தது, வேறு வேறு மாதங்களில், வேறு வேறு வரைஞர்களிடமிருந்து. ஒவ்வொன்றும் தன்னளவில் சரி. கிணறும் குழியும் தேவையான தூரத்தில்தான் இருந்தன, அந்தந்தத் துண்டுக்குள். எல்லாக் கோப்பும் என் மேசையாலும் போனது. 12 வீடும் எழும்பிய பிறகு ஒரு நாள் வேறு வேலையாக அங்கே போனேன். ஒரு வீட்டின் பின் மதிலோடு குழி. மதிலுக்கு அந்தப் பக்கம் நாலைந்து கவடு தள்ளி ஒரு பழைய பங்குக் கிணறு. மூன்று குடும்பம் அதில் அள்ளிக்கொண்டிருந்தது. 12 வரைபடத்தில் ஒன்றில்கூட அந்தக் கிணறு இல்லை.

ஆகவே கையெழுத்து வேட்டையை ஒரு கிழமைக்குத் தள்ளி வையுங்கள். சனசமூக நிலையப் பெடியள் நாலு பேரைச் சேர்த்து, ஒரு அளவுநாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு, அந்த 40 பரப்பைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளவுக்கும் போங்கள். கிணறு எங்கே, எல்லையிலிருந்து எத்தனை அடி, குடிக்கவா, குளிக்கவா, தோட்டத்துக்கா, எத்தனை குடும்பம் பாவிக்கிறது, பங்கு யாருக்கு என்று எழுதுங்கள். மலக்குழி எங்கே என்றும் எழுதுங்கள். மாரியில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். பிரதேச சபைக்கு நீங்கள் கொடுக்கவேண்டிய முதல் ஆவணம் அந்த வரைபடம்தான். மனு அதற்குப் பின்னால் போகும் கடிதம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, முதலே சொல்லிவிடுகிறேன். அந்த வரைபடத்தில் உங்கள் ஆட்களின் குழிகளும் வரும். சிலது உங்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு 30 அடியில் இருக்கும். கூட்டத்தில் முகம் கறுக்கும். பரவாயில்லை, அதையும் கீறுங்கள். இல்லாவிட்டால் கம்பனியின் ஆள் வந்து கீறுவான்.

ஏன் குழியையும் கிணற்றையும் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், எங்கள் நிலம் அப்படி. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மழை வருடத்துக்கு ஏறத்தாழ 1,200, 1,300 மில்லிமீற்றர். அதிலும் பெரும் பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாதங்களில் விழுந்து முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் செம்மண்ணால் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கி நிற்பதைத்தான் மிச்ச வருடம் முழுதும் அள்ளுகிறோம். மணல் நிலமானால் கழிவு இறங்கும்போது கொஞ்சம் வடிகட்டப்படும். சுண்ணாம்புக்கல் அப்படி இல்லை. வெடிப்பும் பொந்தும் குகையுமாக இருக்கும். வெடிப்பு ஒன்று அகப்பட்டால் குழித்தண்ணீர் குழாயில் போவதுபோலப் போய்விடும். மேலே இருக்கும் செம்மண் பல இடங்களில் சில அடிதான். குழி வெட்டும்போதே அதைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்கிவிடுகிறோம்.

நன்னீருக்கு அடியில் உப்புத்தண்ணீர் இருக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே எல்லோருக்கும் சொல்லித்தந்த கதை. கணக்கு இதுதான்: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். அதனால் 36 வீட்டுக்கும் ஒரே இடத்தில் குழாய்க்கிணறு அடித்துப் பெரிய மோட்டர் பூட்டப்போகிறார்களா என்றும் கேளுங்கள்.

கம்பனி என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். 'இப்போது குழாய்த் தண்ணீர் வருகிறது, நாங்கள் கிணறே வெட்டமாட்டோம்' என்பார்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் அங்குள்ள விவசாயிகளின் எதிர்ப்போடு கைவிடப்பட்டு, பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. நல்ல விசயம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கொண்டுவரக் குழாய் போட்டார்கள்; கழிவை வெளியே கொண்டுபோகக் குழாய் போடவில்லை. எல்லாம் அவரவர் வளவில்தான் இறங்குகிறது. கிணற்றில் கப்பியால் அள்ளிக் குளித்த வீட்டில் குழாய் வந்தால் தண்ணீர்ப் பாவனை கூடும், குறையாது. ஒருவருக்கு நாளுக்கு 120 லீற்றர் என்று வையுங்கள், வீட்டுக்கு ஐந்து பேர், 36 வீடு. 21,600 லீற்றர். அதில் முக்கால் பங்குக்கு மேல் கழிவாக அந்த 40 பரப்புக்குள்ளேயே நிலத்துக்குப் போகும், ஒவ்வொரு நாளும். குழாய்த் தண்ணீர் அவர்களுடைய கவலையைத்தான் தீர்க்கும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற உங்களுக்கு அது இன்னொரு கவலை.

காணியின் கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள். எங்கள் ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஒரு ஏக்கர். உள்வீதிகளுக்கு ஏழு பரப்புப் போகும், பொதுத்தேவைக்கு மூன்று மூன்றரை போகும். மிச்சம் 30 பரப்பை 36 ஆல் பிரித்தால் துண்டுக்கு எட்டுப் பேர்ச் அளவுதான் வரும். 35 அடி அகலம், 62 அடி நீளம் என்று நினையுங்கள். எல்லோரும் முன்பக்கம் வீதியைப் பார்க்க வீடு வைப்பார்கள். குழி எங்கே போகும்? பின்னுக்கு. விளிம்பில் இருக்கும் துண்டுகளின் பின்பக்கம் எது? உங்கள் வேலி. குழிகள் வரிசையாக உங்கள் வேலிக்கரையில் வந்து நிற்கும் என்பதை அந்தப் பலகையில் உள்ள அழகான படத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க மாட்டார்கள். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது வேண்டும் என்று நாங்கள் வழமையாகச் சொல்வோம். சுண்ணாம்புக்கல்லில் அதுவே போதாது என்பது என் கருத்து.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. அடி கட்டாத வளையக் குழிக்குப் பதிலாக, நீர் கசியாத செப்ரிக் தாங்கி கட்டவேண்டும். அதற்கு எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரநிர்ணயம் இருக்கிறது. தாங்கியால் வெளிவரும் தண்ணீரை நேரே கல்லுக்குள் விடாமல், கல் நிரப்பிய வடிகட்டித் தாங்கி ஒன்றினூடாக விட்டு, பிறகு மண் போட்டு உயர்த்திய பாத்தியில் வாழை, கல்வாழை நட்டு அதில் விடலாம். 36 வீட்டுக்கும் சேர்த்துக் காணியின் நடுவில் ஒரு சுத்திகரிப்பு அமைப்பு வைப்பது இன்னும் நல்லது. செலவு கூடும். ஆனால் 36 வீடு விற்கிறவருக்கு அது தாங்கமுடியாத செலவு இல்லை. கேட்காவிட்டால் செய்ய மாட்டார், அவ்வளவே.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வீட்டைக் கட்டி முடித்து விற்கும் கம்பனியைவிட, காணியைத் துண்டாடி விற்றுவிட்டுப் போகும் கம்பனிக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன். முதலாமவரிடம் பொதுச் சுத்திகரிப்பு, பொது வடிகால் கேட்கலாம். கட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். இரண்டாமவர் துண்டு விற்ற அன்றே போய்விடுவார். பிறகு 36 பேர் 36 வரைபடம் போடுவார்கள், நான் சொன்ன 12 வீட்டுக் கதைதான். பலகையில் 'வீடுகள்' என்று போட்டுவிட்டு நடைமுறையில் துண்டுகளை விற்பதும் நடக்கிறது. அதனால் நீங்கள் கால் ஊன்றவேண்டிய கட்டம் துண்டாடல் அனுமதி. வீடு எழும்பும் கட்டம் வரை காத்திருந்தால் பிந்திவிடும்.

துண்டாடலைப் பற்றி ஒன்று. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் ஒரு ஹெக்ரேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது, வீதிகள் போக மிச்சத்தில் 10 வீதம் பொதுத்தேவைக்கு ஒதுக்கவேண்டும் என்று வைத்தார்கள். ஒரு ஹெக்ரேயர் என்பது 39 அரைப் பரப்பு. உங்கள் காணி 40. அந்த அரைப் பரப்பு உங்கள் ஒழுங்கைக்கு ஒரு பிள்ளைகள் விளையாடும் வெளி. ஆனால் 'முதலாம் கட்டம் 20 பரப்பு, இரண்டாம் கட்டம் 20 பரப்பு' என்று இரண்டு விண்ணப்பம் வந்தால் அது மாயமாகிவிடும். நில அளவையாளர் 39 பரப்பு என்று அளந்தாலும் மாயமாகிவிடும். பழைய உறுதியில் உள்ள விஸ்தீரணத்தையும் புதிய அளவையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. உங்கள் காணிக்கு எந்த அளவுகளைப் பாவிக்கிறார்கள், உங்கள் பகுதி நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனம் செய்த பகுதிக்குள் வருகிறதா என்பதைச் சபையிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வெள்ளத்துக்கு வருகிறேன். வலிகாமத்தில் மழைத்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோக வழுக்கையாறு ஒன்றுதான் பெயர் சொல்ல இருக்கிறது. மற்றப்படி குளமும் தாழ்ந்த தோட்டமும்தான். உங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த தோட்டம் இத்தனை வருடமும் சம்பளம் வாங்காமல் வேலை செய்த ஒரு குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008 நவம்பர் 25 ஆம் திகதி நிஷா புயலன்று யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் பெய்தது. அந்த மழையில் 40 பரப்பில் மட்டும் விழுந்த தண்ணீர் கிட்டத்தட்ட 39 இலட்சம் லீற்றர். தோட்டமாக இருந்தபடியால் வாழைக்கும் வெங்காயத்துக்கும் அழிவு வந்தது, ஆனால் பெரும்பகுதி உள்ளே இறங்கியது. அதே இடத்தில் கூரை, சீமெந்துக் கல் பதித்த முற்றம், தார் வீதி என்று வந்தால் எவ்வளவு இறங்கும்? மிச்சம் எங்கே போகும்? கம்பனி இரண்டு அடி கிரவல் போட்டு உயர்த்தும். வாங்குகிறவர்களின் கால் நனையாது. உங்கள் முற்றத்தில் நிற்கும்.

அதிலும் மதில். முன்பு வேலியால் தண்ணீர் போகும். கிளுவைக் கதியாலுக்கும் கிடுகுக்கும் அடியால் வெள்ளம் எத்தனை தரம் ஓடியதைப் பார்த்திருக்கிறோம். இப்போது எல்லாம் அத்திவாரம் போட்டு எழுப்பிய மதில், அடியில் ஒரு துவாரம்கூட விடுவதில்லை. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது நான் பார்த்த பல இடங்களில் தண்ணீரைத் தேக்கியது மழை பாதி, மதில் பாதி. உங்களில் எத்தனை பேர் கடைசிப் பத்து வருடத்தில் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினீர்கள் என்பதையும் அந்த வரைபடத்தில் போட்டுவிடுங்கள்.

கேட்கவேண்டியது: நிரவும் உயரம் எவ்வளவு, மழைநீர் வடிகால் எந்தப் பொது வாய்க்காலில் சேர்கிறது, சேர வாய்க்காலே இல்லையென்றால் காணிக்குள்ளேயே நிலத்துக்கு இறக்கும் குழிகளும் ஒரு சின்னக் குளமும் எங்கே. பொதுத்தேவைக்கு ஒதுக்கும் 10 வீதத்தைக் காணியின் ஆகத் தாழ்ந்த மூலையில் ஒதுக்கச் சொன்னால் இரண்டு வேலை முடியும். மழைநீர் சேகரிப்பை 2007 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைத் திருத்தச் சட்டம் கட்டட விதிகளுக்குள் கொண்டுவந்தது. வரைபடத்தில் தாங்கி ஒன்று எப்போதும் இருக்கும், வளவில் இருக்காது. அதை, கட்டடம் அனுமதித்தபடி கட்டப்பட்டது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் கொடுக்கும்போது பார்க்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

ஒழுங்கைதான் உங்களிடம் இருக்கும் ஆகப் பலமான துருப்பு என்று நினைக்கிறேன். இது சபை ஒழுங்கையா, தனியார் ஒழுங்கையா? பலருக்குத் தெரியாது. சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உறுதிகளை எடுங்கள். எங்கள் உறுதிகளில் 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என்று ஒரு வரி வரும். அந்த வரியை இன்று வரை யாரும் ஒழுங்காக வாசித்ததில்லை. தோட்டத்துக்குப் போகவர ஒரு காணிக்குக் கொடுத்த வழி உரித்தை 36 வீட்டின் பிரதான வீதியாக விரிக்கலாமா என்பது நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் கொண்டுபோகவேண்டிய கேள்வி. சபை ஒழுங்கையாக இருந்தாலும், துண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட அணுகுவீதியின் அகலமும் கூடவேண்டும் என்பதுதான் விதி. 12 அடியில் தீயணைப்பு வாகனம் திரும்பாது, மலக்கழிவு இழுக்கும் பவுசரும் எதிரே ஒரு முச்சக்கரவண்டி வந்தால் நின்றுவிடும். அப்படியென்றால் ஒழுங்கையை அகட்ட யாருடைய வேலி உள்ளே போகப்போகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்டால், இதுவரை 'எனக்கென்ன' என்று இருந்த வீட்டுக்காரர்களும் வந்துவிடுவார்கள். ஆனால் ஒழுங்கையை மறித்துப் பூவரசம் கட்டை நடுகிற வேலை வேண்டாம். பொலிஸ், காணித் தகராற்றால் சமாதானம் குலையும் என்று ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் வழக்குப் போடும், பிறகு நீங்கள் நியாயம் கேட்ட ஆட்களாக இருக்க மாட்டீர்கள், சமாதானத்தைக் குலைத்த ஆட்களாகிவிடுவீர்கள்.

பொருந்தாத ஆயுதங்களை இப்போதே கீழே வைத்துவிடுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீடு எங்கே என்று கேட்கிறீர்கள். 1993 ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி வீடமைப்புக்கு அது கட்டாயமாவது 1,000 வீட்டுக்கு மேல் போனால்தான். 36 க்கு இல்லை. ஆனால் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் கருத்தைக் கேட்டுப் பெறும்படி பிரதேச சபையைக் கேட்கலாம். வயல் காணியை நிரப்ப 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை போடுகிறது. உங்களுடையது தோட்டக் காணி, அந்தச் சட்டம் உதவாது. குடாநாட்டின் ஆகச் சிறந்த செம்மண்ணுக்கு, ஒரு உவர் வயலுக்கு இருக்கும் பாதுகாப்புக்கூட இல்லை என்பதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் அதுதான் நிலைமை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பக்கத்துக் காணிக்காரருக்கு முதல் வாங்கும் உரிமை இருக்கிறது என்று உங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது பழைய கதை. 1947 ஆம் ஆண்டு 59 ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைப் பங்குக்காரருக்கும், விற்பவர் இறந்தால் உரித்தாளியாக வரக்கூடியவருக்கும் என்று ஒடுக்கிவிட்டது. வேலி பொது என்பதற்காக உரிமை வராது. விற்ற குடும்பத்தில் பங்கு எழுதாத சகோதரம் யாராவது இருந்தால் அது வேறு கதை.

பனை தறிக்க அனுமதி வேண்டும்; கிராம அலுவலரிடம் கேட்டால் விண்ணப்பம் வந்ததா என்று சொல்வார். காணி விலை விழும் என்பதை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். விழாது, ஏறும். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

'ஆர் ஆக்கள் வரப்போகினம்' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அதன் கருத்து எனக்கும் விளங்கும், சபையில் வாசிப்பவருக்கும் விளங்கும். அது எந்தச் சட்டத்திலும் காரணமாக இல்லை, இருக்கவும் கூடாது. 1995 ஒக்டோபர் 30 இரவு செம்மணியாலும் நாவற்குழியாலும் நடந்து தென்மராட்சிக்குப் போன வலிகாமத்து ஆட்கள் நாங்கள். முன்பின் தெரியாதவர்களின் வளவில் மாதக்கணக்காக இருந்து, அவர்களுடைய கிணற்றில்தான் அள்ளினோம். அந்த 36 வீட்டில் வரப்போகிறவர்களும் அதே கிணற்றுத் தண்ணீர்ப்படையில்தான் குடிக்கப்போகிறார்கள். குழி ஒழுங்காக இல்லாவிட்டால் முதலில் வயிறு கெடுவது அவர்களுக்குத்தான்.

சரி, யாரிடம் போவது? முதலில் பிரதேச சபையில் விண்ணப்பம் வந்துவிட்டதா என்று அறியுங்கள். பலகை நட்டது அனுமதி கிடைத்ததற்கு அடையாளம் இல்லை. வாய்ச்சொல்லில் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், துண்டாடல் வரைபடம், அணுகுவீதி விபரம், வடிகால் வரைபடம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை ஆகியவற்றைப் பெயர் குறித்துக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்லவேண்டும். 'இந்தத் திட்டம் பற்றிய எல்லா விபரமும்' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இழுத்தடிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

அனுமதி ஆராயப்படுவது திட்டமிடல் குழுவில். அது உத்தியோகத்தர்கள் இருக்கும் குழு. அங்கே கோசம் எடுபடாது, அளவுகள் எடுபடும். உங்கள் வரைபடத்தையும் ஒரு பக்கக் கடிதத்தையும் சபைச் செயலாளருக்கும், சுகாதார வைத்திய அதிகாரிக்கும், பிரதேச செயலாளருக்கும் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். சனசமூக நிலையம் பதிவுள்ள அமைப்பு என்பதால் அதன் கடிதத்தாளில் போவது நல்லது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரை மாரி தொடங்கியதும் கூப்பிட்டு, தண்ணீர் நிற்கும்போது அந்த ஒழுங்கையால் நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயிலில் கூட்டிக்கொண்டு போய்ப் பிரயோசனம் இல்லை.

கடிதத்தில் 'நிறுத்துக' என்று எழுதாமல் 'இந்த நிபந்தனைகள் இல்லாமல் அனுமதிக்க வேண்டாம்' என்று எழுதுங்கள். எல்லை ஓரத் துண்டுகளில் குழிகள் வெளியே உள்ள கிணறுகளிலிருந்து இத்தனை அடி உள்ளே இருக்கவேண்டும், பொதுச் சுத்திகரிப்பு வேண்டும், காணியை இத்தனை அடிக்கு மேல் உயர்த்தக்கூடாது, அணுகுவீதி அகலமாகும் வரை துண்டு எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும், பொது அமைப்புகள் கட்டி முடியாமல் எந்த வீட்டுக்கும் இணக்கச் சான்றிதழ் கொடுக்கக்கூடாது. கடைசி நிபந்தனைதான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். நிபந்தனை ஏற்றால் 36 வீடு 25 ஆக வந்து நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கணக்குத் தானாகவே குறைக்கும், நீங்கள் குறைக்கத் தேவையில்லை. விதிகளைப் பார்க்காமல் அனுமதி கொடுத்துவிட்டால் அந்த முடிவை இரத்துச் செய்யும் எழுத்தாணை (றிட்) கேட்டு மேல் நீதிமன்றம் போகலாம். அங்கேயும் நீங்கள் முன்பே எழுத்தில் எச்சரித்தீர்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இன்னொன்று, இதை இந்தக் கிழமையே தொடங்கலாம். உங்களுக்குப் பக்கத்து ஊரான சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கண்டபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கும். எவ்வளவு, எங்கிருந்து, எப்போதிருந்து என்று குழு மாறிக் குழு வாதாடின. உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி 20 மில்லியன் ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது 2019 ஏப்ரலில். கிணறு முன்பு எப்படி இருந்தது என்று கையில் கடதாசி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? கம்பனி அத்திவாரம் வெட்ட முன்பே நீங்கள் ஐந்தாறு கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து வையுங்கள். நைத்திரேற்று, மலக்கிருமி, உப்புத்தன்மை மூன்றும் போதும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கைக்குழந்தை உள்ள வீடுகளில் இது விளையாட்டு இல்லை. உங்கள் தோட்ட யூரியாவால் அது இப்போதே கூடியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி வந்தாலும் அறிக்கையை மறைக்காதீர்கள். ஏற்கெனவே நிரம்பிய பானையில் இன்னும் ஊற்ற வேண்டாம் என்றுதான் அது சொல்லும். கிருமிப் பரிசோதனைக்கு வீட்டுச் சோடாப் போத்தலில் கொண்டுபோகாதீர்கள். ஆய்வுகூடத்தில் கிருமி நீக்கிய போத்தல் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்ப்பியுங்கள்.

நீர்மட்டமும் வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, ஒவ்வொரு மாதம் முதலாம் திகதியும் விடியற்காலை மோட்டர் போட முன்பு இறக்கி அளந்து, கிணற்றுக்கட்டிலிருந்து எத்தனை முடிச்சு என்று கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். யாராவது ஒரு ஆளே எல்லாக் கிணற்றையும் அளக்கட்டும். ஆளுக்காள் கயிறு மாறினால் கணக்கும் மாறும்.